டியூப்லைட் ஏன் யோசிச்சு யோசிச்சு எரியுது?
சோக், ஸ்டார்ட்டர் பற்றித் தெரிஞ்சுக்குவோம்



சொன்ன விஷயம் கொஞ்ச நேரம் கழிச்சுப் புரிகிறவர்களை நம்ம ஊரில் "அவ ஒரு டியூப்லைட்" என்று கேலி செய்வோம். ஸ்விட்சைப் போட்டதும் டியூப்லைட் உடனே எரியாது. இரண்டு ஓரமும் மினுக்கும், ஒரு தடவை கண் சிமிட்டும், அப்புறம்தான் பளிச்சென்று எரியும். ஆனால் அது சோம்பேறித்தனம் இல்லைங்க. அந்த இரண்டு, மூன்று விநாடிக்குள் உள்ளே ஒரு பெரிய வேலை நடக்கிறது. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால், விளக்கு எரியாத நாளில் எது கெட்டுப்போச்சு என்று நாமே கண்டுபிடிக்கலாம்.

"இப்பத்தான் எல்லா வீட்லயும் எல்.இ.டி. வந்துருச்சே, இது எதுக்குங்க?" என்று கேட்கலாம். வீட்டில் வந்துவிட்டது, சரி. ஆனால் தறிக்குடோன், மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, கோயில் மண்டபம், பால் சொசைட்டி, நம்ம குழுக் கட்டிடம் என்று பழைய டியூப்லைட் இன்னும் பல இடங்களில் எரிகிறது. விளக்கு எரியலைன்னா நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் புது டியூப் வாங்குகிறோம். அதுவும் எரியவில்லை என்றால் ஸ்டார்ட்டர் வாங்குகிறோம். அதற்கும் எரியவில்லை என்றால் "சோக் போச்சு" என்கிறார்கள், அதையும் வாங்குகிறோம். கெட்டது ஒன்றுதான், காசு கொடுத்தது மூன்றுக்கு! குழுப் பணத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதுகிற நமக்கு இது தேவையா?

முதலில் டியூப்பைப் பார்ப்போம்

குண்டு பல்புக்குள் மெல்லிய கம்பி இருக்கும். கரண்ட் போனதும் கம்பி பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தரும். அதில் பெரும்பகுதி கரண்ட் சூடாகத்தான் வீணாகும். எரிகிற பல்பைத் தொட்டால் கை வெந்துவிடுமே, அதுதான் காரணம்.

டியூப்லைட்டில் நடுவில் கம்பியே கிடையாது. இரண்டு ஓரத்தில் மட்டும் சின்னச் சுருள் கம்பி இருக்கும். நடுவில் இருப்பது வாயு. ஆர்கான் என்கிற வாயு கொஞ்சம், அதோடு மிகக் கொஞ்சம் பாதரசம். கண்ணாடியின் உள்பக்கம் பூராவும் வெள்ளைப் பொடி பூசியிருக்கும்.

ஓரத்துக் கம்பிகளுக்கு இடையே வாயு வழியாகக் கரண்ட் பாயும்போது, ஆவியாக இருக்கும் பாதரசம் புற ஊதாக் கதிரை வெளிவிடும். அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்தக் கதிர் வெள்ளைப் பொடி மேல் பட்டதும், பொடி அதை வாங்கிக்கொண்டு நமக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தருகிறது. அதனால்தான் டியூப் முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறது. 40 வாட் டியூப் தருகிற வெளிச்சம், 60 வாட் குண்டு பல்பு தருவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும்.

நம்ம கோவை மாவட்டத்துக்கு நீலகிரி பைக்காரா கரண்ட் வரத் தொடங்கியது 1932-ல். அப்போது டியூப்லைட்டே கிடையாது. உலகச் சந்தைக்கு டியூப்லைட் வந்தது 1938-ல்தான். அதன் பிறகுதான் குறைந்த கரண்ட்டில் நிறைய வெளிச்சம் வேண்டிய மில்களும் ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் டியூப்லைட்டுக்கு மாறின.

இதில் இரண்டு சிக்கல்

வாயு வழியாகக் கரண்ட் பாய வைப்பது லேசு இல்லைங்க.

முதல் சிக்கல்: தொடங்குவது. நான்கு அடி நீளம் உள்ள வாயுவைத் தாண்டிப் போக வீட்டு கரண்ட்டின் 230 வோல்ட் போதாது. ஒரு தடவை பலமாக ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல்: நிறுத்திப் பிடிப்பது. வாயு வழியாகக் கரண்ட் போக ஆரம்பித்துவிட்டால் அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். வாய்க்கால் வரப்பில் உடைப்பு எடுத்தால் என்ன ஆகும்? முதலில் விரல் அகலம் தண்ணி போகும். அந்தத் தண்ணியே மண்ணை அரித்து வழியைப் பெரிதாக்கும். வழி பெரிதானதும் இன்னும் அதிகத் தண்ணி போகும். டியூப்புக்குள் கரண்ட்டும் அப்படித்தான். கட்டுப்படுத்த ஆள் இல்லை என்றால் கண் மூடித் திறப்பதற்குள் டியூப் போய்விடும்.

இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கத்தான் சோக்கும் ஸ்டார்ட்டரும்.

சோக் என்பது என்ன?

டியூப்லைட் செட்டின் தகட்டுக்குள் கனமாக ஒரு பெட்டி இருக்கும். அதுதான் சோக். உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன் மேல் செம்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் மோட்டார் பட்டறைகளில் காயில் சுற்றும் வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டாருக்குச் சுற்றுகிற அதே எனாமல் பூசிய கம்பிதான்.

இந்தக் காயிலுக்கு ஒரு குணம் உண்டு. தன் வழியாகப் போகும் கரண்ட் சட்டென்று கூடுவதும் அதற்குப் பிடிக்காது, சட்டென்று குறைவதும் பிடிக்காது. எது நடந்தாலும் எதிர்த்து நிற்கும். நம்ம வீட்டு கரண்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிற கரண்ட். ஒவ்வொரு மாற்றத்தையும் காயில் எதிர்ப்பதால் டியூப்புக்கு அளவான கரண்ட்தான் போகும். வாய்க்காலுக்கு மதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிக்கல் தீர்ந்தது.

முதல் சிக்கலையும் இதே குணம்தான் தீர்க்கிறது. தோட்டத்தில் போர் மோட்டார் ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் பைப் டமார் என்று அதிரும். வேகமாக ஓடிக்கொண்டிருந்த தண்ணிக்கு நிற்க மனசில்லை, அதனால் முட்டுகிறது. காயிலில் ஓடும் கரண்ட்டைச் சட்டென்று வெட்டினாலும் இதேதான். நிற்க மனமில்லாத கரண்ட் ஒரு நொடியின் சின்னப் பங்கில் பல நூறு வோல்ட்டாக எகிறும். அந்த எகிறல்தான் டியூப்புக்குத் தேவையான தள்ளு!

ஆனால் கரண்ட்டைச் சரியான நேரத்தில் வெட்டிவிட ஒரு ஆள் வேண்டுமே? அவர்தான் ஸ்டார்ட்டர்.

ஸ்டார்ட்டர் – சின்ன டப்பா, பெரிய வேலை

கட்டைவிரல் அளவு டப்பா. உள்ளே சின்னக் கண்ணாடிக் குமிழ், அதில் வாயு, வாயுவுக்குள் எதிரெதிராக இரண்டு தகடு. சாதாரணமாக இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும். ஒரு தகடு மட்டும் இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்தது. சூடானால் ஒரு உலோகம் அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும். அதனால் தகடு வளையும். ஆறினால் நிமிர்ந்துவிடும். அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானாக "டக்" என்று நிற்கிறதே, அதற்குள் இருப்பதும் இந்த மாதிரித் தகடுதான்.

இனி ஸ்விட்சைப் போட்டதிலிருந்து நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. ஸ்விட்ச் போட்டதும் சோக், டியூப்பின் ஒரு ஓரம், ஸ்டார்ட்டர், மறு ஓரம் என்று 230 வோல்ட் வந்து நிற்கும். டியூப் இன்னும் எரியவில்லை.

2. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் வாயு லேசாக ஒளிரும். அந்தச் சூட்டில் தகடு வளைந்து எதிர்த் தகட்டைத் தொடும்.

3. இப்போது வழி முழுமை ஆகிவிட்டது. டியூப்பின் இரண்டு ஓரத்துச் சுருள் கம்பியும் சிவக்கச் சூடாகும். ஓரத்தில் தெரியும் மினுக்கம் இதுதான். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? கம்பி காயாமல் டியூப்பைப் பற்ற வைத்தாலும் டியூப் சீக்கிரம் கெடும்.

4. தகடுகள் தொட்டுக்கொண்டதால் ஸ்டார்ட்டருக்குள் வாயு ஒளிர்வது நின்றுவிடும். சூடு இல்லை. தகடு ஆறி நிமிர்ந்து பிரியும்.

5. பிரிந்த அந்த நொடியில் கரண்ட் சட்டென்று வெட்டப்படுகிறது. சோக் எகிறித் தள்ளுகிறது. டியூப் பற்றிக்கொள்கிறது!

6. ஒரே தள்ளில் பற்றவில்லை என்றால் மறுபடி 2-லிருந்து தொடங்கும். அதுதான் கண் சிமிட்டல்.

7. எரிய ஆரம்பித்ததும் டியூப்பின் இரு முனைக்கு இடையே சுமார் 100 வோல்ட்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் ஒளிர அது போதாது. அதனால் அது அமைதியாகிவிடும். மீதி வோல்ட்டைச் சோக் தாங்கிக்கொள்ளும்.

எரிகிற டியூப்லைட்டில் ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாது என்று சிலர் வித்தை காட்டுவார்கள். வித்தை ஒன்றும் இல்லை. பற்ற வைத்ததோடு அதன் வேலை முடிந்தது, அவ்வளவுதான். நீங்கள் அப்படிக் கழற்ற வேண்டாம்.

சாயங்காலத்தில் மட்டும் மினுக்குவது ஏன்?

ஊர்க்கோடியில் இருக்கிற வீடுகளில் மோட்டார் ஓடுகிற நேரம், எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரம் பார்த்து டியூப் எரியாது. விடியற்காலை நன்றாக எரியும். இதில் டியூப் மேல் குற்றம் இல்லை. வோல்டேஜ் இறங்கிவிட்டால் ஸ்டார்ட்டர் சரியாக ஒளிராது, கம்பியும் நன்றாகக் காயாது, சோக்கின் தள்ளும் வலுவாக இருக்காது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படி மினுக்குகிற விளக்கை "எரிஞ்சா எரியட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு மினுக்கலும் ஓரத்துக் கம்பி மேல் பூசியிருக்கும் மருந்தைக் கொஞ்சம் உதிர்க்கும். டியூப்பின் ஆயுள் அந்த மருந்தில்தான் இருக்கிறது. ஓரம் கறுத்துப்போவது அது தீர்ந்துகொண்டிருப்பதற்கு அடையாளம். அடிக்கடி போட்டுப் போட்டு அணைத்தாலும் இதே கதிதான்.

தெருவில் பல வீட்டில் இந்த நிலைமை என்றால் டியூப் மாற்றிப் பயன் இல்லை. எந்த நேரத்தில், எத்தனை வீட்டில் என்று குறித்துக்கொண்டு குழுவாகச் சேர்ந்து மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.

எது கெட்டுப்போச்சு? நாமே கண்டுபிடிப்போம்

எதைச் செய்வதற்கு முன்னும் ஸ்விட்சை அணைக்கவும். முடிந்தால் மெயினையும் இறக்கிவிடவும். கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் செருப்பு, ஏற மர ஸ்டூல்.

● இரண்டு ஓரமும் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கு, நடுவில் வெளிச்சம் இல்லை: ஸ்டார்ட்டரின் தகடுகள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

● ஓரம் கறுத்திருக்கு, விட்டு விட்டு மினுக்குது: டியூப்புக்கு வயசாகிவிட்டது. டியூப்பை மாற்றவும்.

● ஓரம் கறுக்கவில்லை, ஆனாலும் மினுக்குது: வோல்டேஜ் குறைவு அல்லது ஸ்டார்ட்டர் பழசு. நன்றாக எரிகிற இன்னொரு விளக்கின் ஸ்டார்ட்டரைப் போட்டுப் பாருங்கள்.

● எதுவுமே நடக்கவில்லை, ஓரம் கூட மினுக்கவில்லை: முதலில் டியூப்பை ஹோல்டரில் கொஞ்சம் திருப்பிச் சரியாக உட்கார வையுங்கள். ஊசி தொடாமல் இருப்பதுதான் பல நேரம் காரணம். பிறகு ஸ்டார்ட்டர், அதன் பிறகு டியூப், கடைசியில்தான் சோக். விலை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும்.

● புது டியூப் போட்டதும் ஓரம் பளிச்சென்று மின்னி அதோடு போய்விட்டது: உடனே இன்னொரு புது டியூப் போடாதீர்கள்! சோக்கின் உள்ளே கம்பிகள் ஒட்டிப்போய் மதகு உடைந்துவிட்டது. எத்தனை டியூப் போட்டாலும் அத்தனையும் போகும். சோக்கை மாற்றிய பிறகே டியூப்.

● "ங்ங்ங்" என்று ரீங்காரம்: சோக்கின் தகடுகள் தளர்ந்திருக்கும், அல்லது சோக்கைப் பிடித்திருக்கும் திருகு லூசாக இருக்கும். எலக்ட்ரீஷியனை விட்டு முடுக்கச் சொல்லலாம். தீய்ந்த வாடை வந்தாலோ, கறுப்பாகத் தார் மாதிரி ஒழுகினாலோ உடனே அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு போடவே கூடாது.

● புது டியூப்பில் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளியுது: பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் எரிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

● ஸ்விட்சை அணைத்த பிறகும் இருட்டில் லேசாக ஒளி தெரியுது: ஸ்விட்ச் தவறான வயரில் இருக்கலாம். அணைத்த பிறகும் செட்டுக்குள் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட்டர், டியூப் மாற்றுவது நம் வேலை. சோக், வயர், எர்த் இவற்றைத் தொடுவது எலக்ட்ரீஷியன் வேலை. ஆனால் எதை மாற்றச் சொல்கிறோம் என்று தெரிந்து கூப்பிடுவது வேறு, தெரியாமல் கூப்பிடுவது வேறு. மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கனமான சோக்கும் லேசான சோக்கும்

செம்புக்கம்பி சோக் தானும் சூடாகும். அந்தச் சூடு நம் மீட்டரில் ஓடுகிற கரண்ட். 40 வாட் டியூப் என்று வாங்கினாலும் சோக் தன் பங்குக்குச் சுமார் 12 வாட் எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் 52 வாட்.

பிறகு வந்தது எலக்ட்ரானிக் சோக். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். விநாடிக்கு 50 தடவை மாறும் கரண்ட்டை இது 20,000 தடவைக்கும் மேல் மாறும் கரண்ட்டாக ஆக்கித் தருகிறது. இதற்குத் தனியாக ஸ்டார்ட்டர் வேண்டாம், ரீங்காரம் இல்லை, வோல்டேஜ் ஓரளவு குறைந்தாலும் எரியும், தான் எடுத்துக்கொள்ளும் கரண்ட்டும் குறைவு. ஒரே குறை, இடி மின்னலுக்கும் வோல்டேஜ் எகிறலுக்கும் தாங்காது. 2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்து வீடுகளில் சூரிய ஒளியில் எரியும் சி.எஃப்.எல். விளக்கு கொடுத்தார்களே, அதுவும் மடித்து வைத்த டியூப்லைட்தான்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு (60 நாள், 300 மணி நேரம்) ஒரு விளக்குக்கு ஆகும் கணக்கு:

பழைய 40 வாட் டியூப், செம்புக்கம்பி சோக் (52 வாட்) – சுமார் 15½ யூனிட்
36 வாட் டியூப், எலக்ட்ரானிக் சோக் (சுமார் 37 வாட்) – சுமார் 11 யூனிட்
20 வாட் எல்.இ.டி. டியூப் – 6 யூனிட்

வீட்டில் நான்கு பழைய டியூப் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 62 யூனிட். அதையே எல்.இ.டி. ஆக்கினால் 24 யூனிட். மிச்சம் 38 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் 62 யூனிட் விளக்குக்கே போனால் மிக்சிக்கும் ஃபேனுக்கும் டிவிக்கும் எங்கே மிஞ்சும்?

தறிக்குடோனில் வேலை செய்யும் சகோதரிகள் கவனத்துக்கு

சோமனூர், பல்லடம், கருமத்தம்பட்டி பக்கம் தறி ஓட்டும் சகோதரிகள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

கரண்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போகிறது என்று பார்த்தோம். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தால் கண் ஏமாந்துபோகும்.

கணக்குப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும் சக்கரம் விநாடிக்கு 25 சுற்று சுற்றும். அதற்கு நான்கு ஆரம் இருந்தால், விளக்கு ஒவ்வொரு தடவை ஒளிரும்போதும் ஒரு ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்குச் சக்கரம் நிற்பது போலவே தெரியும்! வேகம் கொஞ்சம் குறைந்து 1,440 ஆனால் மெதுவாகப் பின்னால் சுற்றுவது போலத் தெரியும். தறிச் சத்தத்தில் எந்த மோட்டார் ஓடுகிறது என்று காதாலும் தெரியாது. நின்றுவிட்டது என்று நினைத்துக் கை நீட்டினால்? முந்தானையோ, துப்பட்டாவோ, சடையோ சிக்கினால்?

இதற்கு வழி உண்டு. அடுத்தடுத்த விளக்குகளை மூன்று பேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். எலக்ட்ரானிக் சோக் போட்டாலும் இந்தக் கண்கட்டு வெகுவாகக் குறையும். சில மலிவான எல்.இ.டி.-யிலும் இந்த மினுக்கல் உண்டு. செல்போன் கேமராவை விளக்குப் பக்கம் காட்டிப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் விளக்கு மினுக்குகிறது. குடோன் முதலாளியிடம் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள், தனியாகச் சொல்லத் தயங்க வேண்டாம். எப்படி இருந்தாலும் ஸ்விட்சை அணைத்து, முழுசா நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மூடி கட்டாயம் வேண்டும்.

எல்.இ.டி.-க்கு மாறும்போது

2015-ல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு எல்.இ.டி. விலை இறங்கிவிட்டது. செட்டோடு சேர்ந்த எல்.இ.டி. வாங்கினால் பிரச்சினை இல்லை. பழைய செட்டில் எல்.இ.டி. டியூப் மட்டும் மாட்டுவதாக இருந்தால் கவனம் வேண்டும். எல்.இ.டி.-க்குப் பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் தேவை இல்லை. சிலவற்றுக்குச் சோக்கைக் கழற்றி வயரை மாற்ற வேண்டும், சிலவற்றுக்குக் கூடவே வருகிற டம்மி ஸ்டார்ட்டர் போட வேண்டும். அட்டையில் படம் போட்டிருக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் செய்யச் சொல்லுங்கள். வயர் மாற்றிய செட்டின் மேல் "எல்.இ.டி. மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு வேறு யாராவது பழைய டியூப்பை அதில் மாட்டினால் ஆபத்து.

பழைய டியூப்பை என்ன செய்வது?

ஒவ்வொரு டியூப்புக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. எரிகிற வரைக்கும் நமக்கு ஒன்றும் செய்யாது. உடைந்தால்தான் ஆவியாக வெளியே வரும். பாதரசம் மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கருவில் இருக்கிற குழந்தைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடுதல் கெடுதல். ஒரு டியூப் உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் குப்பையோடு குப்பையாக உடைத்துப் போடுவதும், பிள்ளைகள் "டமார்" என்று வெடித்து விளையாடுவதும், திருவிழாவில் மார்பில் அடித்து உடைத்து வித்தை காட்டுவதும் கூடாது.

அந்தக் குப்பையை அள்ளுவது யார்? நம்ம பஞ்சாயத்தின் தூய்மைக் காவலர்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள், பலர் குழு உறுப்பினர்கள். நாம் உடைத்துப் போடும் டியூப் அந்த அக்காவின் கையைத்தான் கிழிக்கும், அவர் மூச்சில்தான் போகும். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே டியூப்லைட்டும் சி.எஃப்.எல்.-லும் வீட்டிலிருந்து வரும் ஆபத்தான கழிவு, தனியாகத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே பழைய டியூப்பை உடைக்காமல், புது டியூப் வந்த அட்டையிலேயே போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தனியாகச் சொல்லி, கையில் கொடுங்கள்.

தவறி உடைந்துவிட்டால்: பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைத்து, கால் மணி நேரம் விடுங்கள். விளக்குமாறால் கூட்டாதீர்கள், தூள் பறக்கும். கையில் பாலிதீன் உறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் வழித்து எடுத்து, மீதித் தூளை ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் செய்தன. ஜப்பானில் பாதரசக் கழிவு கலந்த மீனைச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான மக்கள் பாதிக்கப்பட்ட ஊரின் பெயர் அது. இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்தது. 2023-ல் ஜெனீவாவில் கூடியபோது, டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். டியூப்லைட்டின் காலம் முடிகிற நேரம் இது. அதனால்தான் வரும் ஆண்டுகளில் நம் ஊரில் நிறைய பழைய டியூப் ஒரே சமயத்தில் கழற்றப்படும். அவற்றை என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

எழுதப் படிக்கத் தெரிந்த சகோதரி இதை வாசித்துக் காட்டுங்கள். பிறகு இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. நம்ம குழுக் கட்டிடத்திலும், நாம் வேலை செய்யும் இடத்திலும் பழைய டியூப்லைட் எத்தனை இருக்கிறது? மாற்றினால் எத்தனை யூனிட் மிச்சம் ஆகும்?

2. நம் உறுப்பினர்களில் தறிக்குடோனில் வேலை செய்பவர் யார் யார்? அங்கே விளக்கு மினுக்குகிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா?

3. ஊரில் பழைய டியூப்புகளை உடைக்காமல் சேர்த்து வைக்க ஒரு இடம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாமா? தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை கிடைக்கிறதா?

இனிமேல் யாராவது உங்களை "டியூப்லைட்" என்று கேலி செய்தால் கவலைப்படாதீர்கள். "ஆமாங்க, கம்பி காய்ஞ்ச பிறகுதான் எரிவேன், எரிஞ்சா வீடு பூரா வெளிச்சம்" என்று சொல்லுங்கள்!